சத்தம் வராத ஜன்னல்

ஒரு சராசரி மனிதனுக்கு ஜன்னலைப் பற்றி யோசிக்க வேண்டிய கட்டாயம் வாழ்நாளில் இரண்டு முறைதான் வரும். வீடு கட்டும்போது ஒரு முறை, கட்டிய ஜன்னலைக் கரையான் தின்று தீர்த்த பிறகு ஒரு முறை. எனக்கு மூன்றாவது முறையும் வந்தது. இரண்டாவது முறைக்கும் மூன்றாவது முறைக்கும் நடுவில் ஒரு மத்தியானம் நான் செத்துப்போயிருந்தேன். (பயப்பட வேண்டாம். இதை எழுதுவது நான்தான்.)

சிவகாசியில் எங்கள் வீட்டுக்கு அடுத்த கட்டடம் ஓர் அச்சகம். காலண்டர் சீசன் தொடங்கிவிட்டால் அங்கே மெஷின் நிற்கவே நிற்காது. தரை நடுங்கும், தம்ளரில் தண்ணீர் நடுங்கும், கட்டில் இம்மி இம்மியாக நகர்ந்து விடியும்போது கதவருகே வந்து நிற்கும். (சரி, கட்டில் நகர்ந்ததில்லை. நகர்ந்ததுபோல இருக்கும்.) என் மனைவி எஸ்தர் அரசு மருத்துவமனையில் நர்ஸ். நாளெல்லாம் நின்றுவிட்டு வருகிறவளுக்கு அந்தச் சத்தம் ஒரு பொருட்டே இல்லை, படுத்தால் தூங்கிவிடுவாள். எனக்கு அப்படியில்லை. நான் ஊருக்கு வெளியே ஒரு பட்டாசுக் கம்பெனியில் ஸ்டோர் சூப்பர்வைசர். ‘இன்றைக்கு ஒரு சத்தமும் வந்துவிடக் கூடாது ஆண்டவரே’ என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டே பொழுதைக் கழிக்கிற உத்தியோகம். அப்படிப்பட்டவன் வீட்டுக்கு வந்த பிறகாவது காதுக்குக் கொஞ்சம் ஓய்வு கேட்பது தப்பா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சுக்குக் கிளம்பும் நேரத்தில் ஹால் ஜன்னலைச் சாத்தப் போனேன். கதவு கையோடு வந்துவிட்டது. வெளியே பெயின்ட்டும் உள்ளே கரையானுமாக அது பல மாதமாக மரம்போல நடித்துக்கொண்டிருந்திருக்கிறது. கழன்ற கதவைக் கேடயம் மாதிரி ஏந்திக்கொண்டு நின்ற என்னைப் பார்த்து எஸ்தர் அமைதியாகச் சொன்னாள்: “பழையபடியே வேப்ப மரத்துல செஞ்சு மாட்டிருவோம்.”

அங்கேயே நான் தலையாட்டியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இல்லை.

நான் விருதுநகருக்குப் போனேன். அங்கே ஒரு ஷோரூம். சுவரே இல்லாமல் ஜன்னல்கள் மட்டும் வரிசையாக நின்றன. ஒன்றைத் திறந்தால் அதற்குப் பின்னால் இன்னொரு ஜன்னல். பழைய மாதிரி இரண்டு கதவாக வெளியே திறப்பது, மேல்பக்கம் கீல் வைத்துக் கீழ்ப்பக்கம் தள்ளுவது, திறக்கவே திறக்காமல் சும்மா நிற்பது என்று எல்லாவற்றையும் காட்டிக்கொண்டே வந்த விற்பனையாளர், கடைசியாக ஒன்றின் முன்னால் நின்று ஒற்றை விரலால் தள்ளினார். வெண்ணெயில் கத்தி போவதுபோல நகர்ந்தது. யுபிவிசி என்கிற கெட்டிப் பிளாஸ்டிக்கில் செய்த ஸ்லைடிங் ஜன்னல். இரட்டைக் கண்ணாடி. வெளியே இருப்பவர்களுக்குக் கண்ணாடி முகம் பார்க்கிற மாதிரி பளபளக்கும், உள்ளே இருப்பவர்களுக்கு வெளியே எல்லாம் தெரியும். பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டிக்குள் ரேடியோ அலறிக்கொண்டிருந்தது. பெட்டியின் கண்ணாடியை இழுத்துச் சாத்தினார். ரேடியோ செத்துப்போனது. நான் அங்கேயே மனசைக் கொடுத்துவிட்டேன்.

வீட்டில் எஸ்தர் ஒத்துக்கொள்ளவில்லை. ஸ்லைடிங்கில் ஒரு கதவு இன்னொன்றின் மேல்தான் போய் நிற்கும், எப்படித் தள்ளினாலும் பாதிதான் திறக்கும். “காசு முழு ஜன்னலுக்கு, காத்து அரை ஜன்னலுக்கா?” என்றாள். மழைச் சாரல் வராது, கதவு காற்றில் அடிக்காது, கரையான் வாய் வைத்தால் அதற்குத்தான் பல் போகும் என்று நான் அடுக்கினேன். அவள் கேட்டுக்கொண்டே கீரை ஆய்ந்தாள். கடைசியாகச் சொன்னாள்: “சத்தம் வரணும்ங்க. நம்ம ஊர்ல இருந்துக்கிட்டு சத்தம் கேக்காம எப்பிடி இருக்க?”

அவள் சொன்னது இந்தப் பக்கத்துக்காரர்களுக்குப் புரியும். தூரத்தில் ‘டொம்’ என்று ஒன்று கேட்டால் நாங்கள் முதலில் ஜன்னலைத்தான் திறப்போம். புகை எந்தப் பக்கம் எழும்புகிறது என்று பார்ப்போம். விஸ்வநத்தம் பக்கமா, அச்சங்குளம் பக்கமா, அந்தப் பக்கத்தில் நம் ஆள் யார் வேலை செய்கிறார்கள் என்று மனசுக்குள் ஒரு கணக்கு ஓடும். பிறகுதான் போனை எடுப்போம். எஸ்தருக்கு அந்தப் பழக்கம் ரத்தத்தில் ஊறியது. எனக்கோ அதிலிருந்துதான் தப்பிக்க வேண்டியிருந்தது. ஆனால் அதை அப்படிச் சொல்லத் தெரியாமல், யூடியூபில் பார்த்ததையெல்லாம் ஒப்பித்துக்கொண்டிருந்தேன். இட்லி மாவு அரைக்கிறவளிடம் போய் ஜெர்மனிக்காரன் ஜன்னலைப் பற்றிப் பேசியிருக்கிறேன். என்னைக் கட்டிக்கொண்டதற்கு அவள் பட்ட பாடுகளில் அதுவும் ஒன்று.

பஞ்சாயத்துக்கு அவளுடைய அண்ணன் ஆபிரகாம் காரியாபட்டியிலிருந்து வந்தார். அங்கே உரக்கடை வைத்திருக்கிறார். தங்கை வைத்த கறிக்குழம்பை இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு என் பக்கம் தீர்ப்புச் சொன்னார். வெளியே இருந்து பார்த்தால் உள்ளே ஆள் இருப்பது தெரியாத ஜன்னல் கள்ளனைக் குழப்பும் என்பது அவர் கண்ட நியாயம். (பிற்பாடு யார் குழம்பினார்கள் என்பது வரும்.) எஸ்தர் அண்ணனையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். “செய்ங்க” என்றாள். எங்கள் வீட்டில் ‘செய்ங்க’ என்றால் சம்மதம் என்று பொருள் இல்லை. செய்துவிட்டு அனுபவி என்று பொருள்.

ஜன்னல் வந்து உட்கார்ந்தது. சாத்தினேன். அச்சகம் காணாமல் போனது. தெரு காணாமல் போனது. என் மூச்சுச் சத்தம் எனக்குக் கேட்டது. கல்யாணமான நாளில்கூட நான் அவ்வளவு நிறைவாக இருந்ததாக ஞாபகம் இல்லை. (இந்த வரியை எஸ்தர் படிக்க மாட்டாள் என்று நம்புகிறேன்.)

இன்னொரு லாபமும் கிடைத்தது. தெருவில் போகிறவர்களுக்கு எங்கள் ஜன்னல் முகம் பார்க்கிற கண்ணாடி ஆகிவிட்டது. கல்லூரிப் பையன்கள் தலை சீவினார்கள். பெண்கள் முந்தானையைச் சரி செய்தார்கள். அச்சகத்தில் வேலை செய்யும் ஒருவர், முதலாளியிடம் லீவு கேட்பதற்கு என் ஜன்னல் முன்னால் நின்று ஒத்திகை பார்த்தார். உள்ளே ஓரடி தூரத்தில் நான் காப்பியோடு உட்கார்ந்து அவர் கெஞ்சுவதைச் சத்தமில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். ஊரில் யாருக்கும் கிடைக்காத டிவி.

அந்த நிசப்தம் எனக்குக் கள்ளைப்போல ஆகிவிட்டது. கம்பெனியில் லோடு கிளம்பிய நாட்களில் மத்தியானத்துக்கு மேல் ஸ்டோரில் பெரிதாக வேலை இருக்காது. நைசாக வீட்டுக்கு நழுவி வந்து ஏசியைப் போட்டுக்கொண்டு ஒரு தூக்கம் போடப் பழகினேன். மேனேஜருக்கும் தெரியாது, எஸ்தருக்கும் தெரியாது.

அன்றைக்கும் அப்படித்தான். எஸ்தருக்குப் பகல் டியூட்டி. முன்கதவைப் பூட்டிக்கொண்டு போயிருந்தாள். நான் லோடு லாரியில் ஏறிக்கொண்டேன். கேட்டருகே மேனேஜர் நிற்பதைப் பார்த்ததும், கீழே விழாத பேனாவைத் தேடுகிறவன்போல சீட்டுக்கு அடியில் குனிந்துகொண்டேன். குனிந்ததில் ஒன்றை மறந்துவிட்டேன். பட்டாசுக் கம்பெனிக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது, கேட்டில் வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். என் போன் அங்கேயே இருந்தது. லாரி என்னை டவுனில் இறக்கிவிட்டுத் தூத்துக்குடி பக்கம் போய்விட்டது. ஆக, நான் உள்ளே போனதை எல்லாரும் பார்த்திருந்தார்கள், வெளியே வந்ததை யாரும் பார்க்கவில்லை. போன் கேட்டில் இருந்தால் ஆள் உள்ளே இருக்கிறான் என்றுதான் எங்கள் தொழிலில் அர்த்தம்.

பின்பக்கச் சந்து வழியாக வந்து, என்னிடம் இருந்த சாவியால் கொல்லைக் கதவைத் திறந்து உள்ளே போய்ப் படுத்தேன். கண் செருகும் நேரத்தில் ஜன்னல் கண்ணாடி லேசாக நடுங்கியது. அச்சகத்தில் பெரிய மெஷினை ஓடவிட்டிருக்கிறார்கள், அதிர்வே இவ்வளவு என்றால் சத்தம் எவ்வளவு இருக்கும், அத்தனையையும் இந்த ஜன்னல் ஒற்றை ஆளாக நிறுத்துகிறதே என்று பெருமைப்பட்டுக்கொண்டே தூங்கிப்போனேன். அதைவிட வெட்கக்கேடான நினைப்பு ஒன்று என் தலைக்குள் வந்ததில்லை.

சாயங்காலம்போல எழுந்து ஹாலுக்கு வந்தால், தெரு நிறைய ஆட்கள். பிளாஸ்டிக் நாற்காலிகளை வரிசையாகப் போட்டிருந்தார்கள். பெண்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள். வாய் திறந்து திறந்து மூடியது, சத்தம் மட்டும் இல்லை. எதிர்வீட்டு ரிட்டயர்டு வாத்தியாருக்கு உடம்பு முடியாமல் இருந்தது, அவர்தான் போய்விட்டார் என்று நினைத்தேன். பார்த்தால் வாத்தியார் முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். கூட்டத்தில் ஆபிரகாம் மச்சானும் நின்றார். காரியாபட்டியிலிருந்து அவரே வந்திருக்கிறார் என்றால் வேண்டிய ஆள் யாரோ என்று தோன்றியது. பக்கத்து வீட்டில் சாவு விழுந்தும் துட்டிக்குப் போகாதவன் என்று நாலு பேர் சொல்லிவிடக் கூடாதே. முகம் கழுவி, வெள்ளை வேட்டியும் வெள்ளைச் சட்டையும் எடுத்து உடுத்திக்கொண்டு, வந்த வழியாகவே கொல்லைப்பக்கம் போய், சந்தைச் சுற்றிக் கூட்டத்துக்குப் பின்னால் வந்து மரியாதையாகக் கை கட்டி நின்றேன்.

பக்கத்தில் நின்றவர் எனக்குத் தெரியாதவர். யார் தவறியது என்று மெல்லக் கேட்டேன்.

“இந்தா, இந்த வீட்டுக்காரருதான். பட்டாசுக் கம்பெனில சூப்பர்வைசர்” என்று என் வீட்டைக் காட்டினார். “பாவம், ஆசயா ஜன்னல் மாத்துனாராம். அனுபவிக்கக் குடுத்து வைக்கல.”

“அடப்பாவமே” என்றேன். சத்தியமாக அந்த ஒரு கணம் அந்த மனிதனுக்காக எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. பிறகுதான் அவர் சொன்னது ஒவ்வொரு சொல்லாக உள்ளே இறங்கியது. வீடு. சூப்பர்வைசர். ஜன்னல்.

நான் வாயைத் திறப்பதற்குள் மச்சான் என்னைப் பார்த்துவிட்டார். அவர் எனக்கு முதுகைக் காட்டித்தான் நின்றுகொண்டிருந்தார். எங்கள் ஜன்னலைப் பார்த்துத் துண்டால் முகத்தைத் துடைத்திருக்கிறார். கண்ணாடியில் அவருக்குப் பின்னால் வெள்ளை உடுத்தி, கை கட்டி, நான். மனிதர் அப்படியே மடங்கித் தரையில் உட்கார்ந்துவிட்டார். ஓடிப்போய்த் தூக்கினேன். என் கையைத் தொட்டுப் பார்த்தார், தாடையைத் தொட்டுப் பார்த்தார், அப்புறம் பளார் என்று ஒன்று வைத்தார். “ஏலே, எங்கலே இருந்த?” மாப்பிள்ளை மாப்பிள்ளை என்று மரியாதை குறையாமல் பேசியவர் என்னை ஏலே என்றது அதுதான் முதல் தடவை.

உள்ளே தூங்கிக்கொண்டிருந்தேன் என்றேன்.

முதலில் யார் சிரித்தது என்று தெரியவில்லை. அழுதவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். என் பக்கத்தில் நின்று விவரம் சொன்னவர் அதிகமாகச் சிரித்தார். எனக்குத் தலையிலிருந்து கால்வரை கூசியது. அச்சகத்துக்காரர்கள் வாசலில் நின்றார்கள். மத்தியானத்திலிருந்து மெஷினை நிறுத்திப் போட்டிருந்தார்களாம், எனக்கு மரியாதையாக. நான் இத்தனை வருஷம் கேட்ட அமைதியை அன்றைக்குத்தான் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு அது தெரியவே இல்லை.

அந்தச் சிரிப்புக்கு நடுவில் வாத்தியார் எழுந்து என் தோளைத் தட்டினார். “வெடிச்சது உங்க ஸ்டோருக்கு அடுத்த ரூமுதானாம் தம்பி. போனு கேட்ல இருக்கவும் நீங்களும் போயிட்டீகன்னு நெனச்சோம். மூணு பேரு அங்கனயே போயிட்டாக. மத்த ஆள்கள ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்காக” என்றார். சிரித்த வாயை எப்படி மூடுவது என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. காலையில் என்னோடு டீ குடித்தவர்களின் முகங்கள் ஒவ்வொன்றாக எனக்குள் வந்து நின்றன. அப்புறம்தான் எஸ்தர் ஞாபகம் வந்தது. ஆஸ்பத்திரி என்றால் அவளுடைய ஆஸ்பத்திரி.

மச்சான் போன் போட்டார். எஸ்தரின் போனை எடுத்தது அவளோடு வேலை பார்க்கும் லீமா. நான் உயிரோடு இருப்பதைக் கேட்டதும் வார்டுக்குள் ஓடிப்போய்த் திரும்பி வந்தாள். அக்காவிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டேன், ‘சரி’ என்று மட்டும் சொன்னார்கள், பேஷன்ட் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்கள், எழுந்து வரவில்லை என்றாள்.

மச்சானின் பைக்கில் போனோம். தீக்காய வார்டு வாசலில் ஜனங்கள் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். கதவு வழியாகப் பார்த்தேன். எஸ்தர் ஒரு கட்டிலின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள். கட்டிலில் இருந்தவருக்கு முகமெல்லாம் துணி சுற்றியிருந்தது. அவருடைய கை அவள் கைக்குள் இருந்தது. அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பேஷன்ட்டைப் பார்ப்பதுபோல தலையிலிருந்து கால்வரை ஒரு முறை பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள்.

“கோவத்துல இருக்கா” என்றார் மச்சான். நானும் அப்படித்தான் நினைத்தேன். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். நான் உடுத்தியிருந்த வெள்ளையைப் பார்த்து ஒரு அம்மா என்னிடம் வந்து யாரைப் பறிகொடுத்தீர்கள் என்று கேட்டார். நான் எழுந்து அவருக்கு உட்கார இடம் கொடுத்தேன்.

இருட்டுகிற நேரத்துக்கு எஸ்தர் வெளியே வந்தாள். குழாயடியில் நெடுநேரம் கை கழுவினாள். பிறகு என் முன்னால் வந்து நின்று, “சாப்டீகளா?” என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் அவள் செய்த முதல் காரியம் ஜன்னலைத் தள்ளியது. பாதி திறந்தது. மற்றப் பாதியைத் தள்ளினாள். திறந்த பாதி மூடிக்கொண்டது. இன்னொரு முறை இப்படியும் அப்படியும் தள்ளிப் பார்த்துவிட்டு, அரைகுறையாக அப்படியே விட்டுவிட்டுப் போய்ப் படுத்தாள்.

கம்பெனியைப் பூட்டிவிட்டார்கள். நான் ஒவ்வொரு துட்டி வீடாகப் போய்வந்தேன். போன இடத்திலெல்லாம் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். பிழைத்தவனைப் பார்த்துச் சந்தோஷப்படுவதா வேண்டாமா என்று அவர்களுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

சில வாரம் கழித்து எஸ்தரைத் திருத்தங்கல் போகிற வழியில் ஒரு மரப்பட்டறைக்குக் கூட்டிப்போனேன். இந்த முறை மாடல் எல்லாம் நீயே பார் என்றேன். அவள் மாடல் ஒன்றும் பார்க்கவில்லை. “தொறந்தா முழுசாத் தொறக்கணும். அம்புட்டுத்தான்” என்றாள் ஆசாரியிடம். அவர் மரம் எடுத்துக் காட்ட உள்ளே போனார். அறுத்துப் போட்டிருந்த பலகையின் மேல் இரண்டு பேரும் உட்கார்ந்தோம். நான் கேட்காமலே அவள் சொல்ல ஆரம்பித்தாள்.

அன்றைக்கு ஒவ்வொரு வேன் வரும்போதும் ஓடிப்போய் என்னைத் தேடியிருக்கிறாள். என் போன் அடித்துக்கொண்டே இருந்திருக்கிறது, எடுக்க ஆளில்லை. கடைசியாக வந்த வேனில் என் உயரம், என் உடம்புவாகு, ஒருவர். முகம் தெரியவில்லை. ‘ஏங்க, எஸ்தர் வந்திருக்கேன்’ என்று காதருகே குனிந்து சொன்னாளாம். அவர் விரலை அசைத்தாராம். அவ்வளவுதான், வெளியே யாருக்கும் சொல்லி அனுப்பக்கூடத் தோன்றாமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். செய்ய வேண்டிய வைத்தியத்தைச் செய்துகொண்டே பேசியிருக்கிறாள். என்னிடம் சொல்லாததையெல்லாம் சொல்லியிருக்கிறாள். ஜன்னலைப் பற்றிக்கூடச் சொன்னாளாம். நீங்கள் போட்டது நல்ல ஜன்னல்தான், நான்தான் வீம்புக்குக் குறை சொன்னேன், வீட்டுக்கு வாருங்கள், ஒரு சத்தமும் வராமல் நிம்மதியாகத் தூங்கலாம் என்று.

லீமா வந்து, உங்கள் கணவர் வீட்டில் பத்திரமாக இருக்கிறார் என்று காதில் சொன்னபோதும் அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

“சந்தோசமாத்தான் இருந்துச்சு. இல்லைன்னு சொல்லல” என்றாள். “ஆனா கைய எடுக்க முடியல. எடுத்தா, அவுக பொண்டாட்டி எந்திரிச்சுப் போன மாதிரி ஆயிரும்ல? அதான் இருந்துட்டேன்.”

அவர் சாத்தூர்ப் பக்கத்துக்காரர். கம்பெனிக்கு அட்டைப்பெட்டி இறக்க வந்தவர். அங்கே யாருக்கும் அவரைத் தெரியாது, அதனால் அவர் வீட்டுக்குத் தகவல் போகவே நேரமாகிவிட்டது. அவர் மனைவி வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. கடைசிவரை பக்கத்தில் ஆள் இருந்தார்கள் என்று மட்டும் எஸ்தர் அந்த அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். யார் என்று சொல்லவில்லை.

ஆசாரி பலகையோடு வந்து இது நல்ல வைரம் பாய்ந்த வேம்பு என்றார். நாங்கள் இரண்டு பேரும் தலையாட்டினோம்.

இப்போது எங்கள் வீட்டில் மர ஜன்னல். இரண்டு கதவும் சுவரோடு ஒட்டிக்கொள்ளும்வரை திறக்கும். தூசி வருகிறது, கொசு வருகிறது, அச்சகம் மொத்தமும் ஹாலுக்குள் வருகிறது. எங்கேயாவது ‘டொம்’ என்றால் நான்தான் முதலில் எழுந்து போய் நிற்கிறேன்.

குடும்பத்தில் இந்தக் கதை ஒரு பண்டிகைப் பலகாரம் ஆகிவிட்டது. யாராவது விடிந்தும் எழாமல் படுத்திருந்தால், “எந்திரி, உன் துட்டிக்கு நாழியாச்சு” என்பார்கள். கிறிஸ்துமஸுக்கு எல்லாரும் கூடினால் ஆபிரகாம் மச்சான் நடுவில் உட்கார்ந்து முழுவதையும் நடித்துக் காட்டுவார். நான் கை கட்டி நின்றதும், ‘அடப்பாவமே’ என்றதும், அவர் மடங்கி விழுந்ததும் ஒவ்வொரு வருஷமும் கொஞ்சம் கூடிக்கொண்டே போகிறது. அவர் பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருளும். எஸ்தரும் சிரிப்பாள். நடிப்பில்லை, கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பாள். நானும் சிரிப்பேன்.

சாப்பாட்டுக்கு முன்னால் ஜெபம் அவள்தான் செய்வாள். அண்ணன் குடும்பம், அண்ணன் பிள்ளைகள், என் பெயர் எல்லாம் வரிசையாக வந்த பிறகு, முனியசாமி குடும்பத்தையும் காத்தருளும் என்பாள். எங்கள் சொந்தத்தில் முனியசாமி என்று யாரும் கிடையாது. முதல் வருஷம் மச்சான் கண்ணைத் திறந்து பார்த்தார், யாரது என்று ஜெபம் முடிந்ததும் கேட்டார். தெரிந்தவர் என்றாள்.

இப்போதெல்லாம் யாரும் கேட்பதில்லை. அந்தப் பெயர் வந்ததும் பிள்ளைகள் உட்பட எல்லாரும் சேர்ந்து ஆமென் சொல்லிவிடுகிறார்கள்.